கறுப்பில் ஒரு விரற்கடை

19.08.2024, திங்கட்கிழமை

கூடத்து நாள்காட்டியில் இன்று காலையிலும் பதினேழாம் தேதியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாள்களையும் நானே கிழித்தேன். திருமணமான நாள் முதல், எழுந்தவுடன் தேதி கிழிப்பது என் மனைவி தெய்வானையின் பொறுப்பு. இப்போதெல்லாம் அவள் நினைவு வரும்போது நான்கைந்தை மொத்தமாகக் கிழிக்கிறாள். கிழித்த தாள்களில் தன் தகட்டில் ஒட்டிய கறுப்பைத் துடைத்து எறிகிறாள். நல்ல நேரம், இராகு காலம், சூலம், பரிகாரம் அனைத்தும் கறுப்பு அப்பிக் குப்பைக் கூடையில் கிடக்கின்றன.

இந்நாட்குறிப்பைப் பின்னாளில் எவரேனும் படிக்க நேரின் குழப்பம் கூடாது; ஆகவே எழுதி வைக்கிறேன். கரூரில் பேருந்துக் கூடு கட்டும் நிறுவனமொன்றில் வர்ணப் பிரிவின் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையொப்பமின்றி ஒரு பேருந்தும் வாயிலைத் தாண்டியதில்லை. அத்தகையவன் வீட்டின் பின்புறக் கார்க்கொட்டகையில், கார் விற்றுப்போன இடத்தில், அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருத்தி ப்ளைவுட் பலகைகளின்மீது கறுப்பை அப்பிக்கொண்டிருக்கிறாள். உருவம் கிடையாது. மரம், மாடு, மனிதர், தெய்வம் எதுவும் கிடையாது. கறுப்பு மட்டுமே. இதை அவள் படம் என்கிறாள்.

தகடும் என்னுடையது. பள்ளம் நிரப்பப் பட்டி வைக்கும் எஃகுத் தகடு, ஆறு அங்குலம். கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

22.08.2024, வியாழக்கிழமை

நண்பகலில் கொட்டகைக்குச் சென்று பெரிய பலகையை முறைப்படி பரிசோதித்தேன். ஆறடிக்கு நான்கடி. பங்குனியிலிருந்து இதில்தான் உழைக்கிறாளாம். கறுப்பில் சலவைக்கல் தூளைக் குழைத்து அப்பியிருக்கிறாள். மேல்பாதியில் தகட்டை இடவலமாக இழுத்த வரப்புகள். கீழ்ப்பாதியில் மேலிருந்து கீழாக இழுத்தவை. இடையிடையே வழிசல்கள், திட்டுகள், தூசி. எங்கள் பட்டறையில் கற்றுக்குட்டிகூட இப்படிச் செய்தால் அன்று மாலையே ஊருக்கு அனுப்பிவிடுவேன்.

"இங்க வழிஞ்சிருக்குது, பாரு."

"வழியட்டுங்க."

"இது மேடு."

"மேடுதானுங்க."

"காஞ்ச பொறகு தேய்க்கிறதில்லையா?"

"தேய்ச்சா செத்துப்போயிருமுங்க."

"பெயிண்ட்டு எங்காச்சும் சாகுமா?"

அவள் தலை நிமிரவில்லை. "உச்சி வெயில்ல வந்து நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்கறீங்க? சாயங்காலம் பொழுதோட வந்து பாருங்க."

முப்பத்தாறு ஆண்டுகள் வர்ணம் பார்த்த எனக்கு, எப்போது பார்க்க வேண்டும் என்று பாடம்.

28.08.2024, புதன்கிழமை

மாலையில் அவள் காய் வாங்கச் சென்றிருந்தாள். கொட்டகைக் கதவின் கொக்கி சரியாக மாட்டப்பட்டுள்ளதா என்று பார்க்கச் சென்றேன். மேற்குக் கதவு திறந்தே கிடந்தது. வெயில் பலகையின்மீது சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

அங்கு கண்டதை நடுநிலையுடன் எழுதுகிறேன். பலகை கறுப்பாக இல்லை. மேல் வரப்புகளின் முதுகில் வெளிச்சம் ஏறி, நனைந்த கடப்பைக் கல்லின் சாம்பல் நிறத்தில் நின்றது. கீழ்ப்பாதி அப்போது இருண்டிருந்தது. வெயில் இறங்க இறங்க மேல்பாதி அணைந்து, கீழ் வரப்புகள் ஒவ்வொன்றாக விளிம்பில் எரிந்தன. முதலில் வெள்ளி, பிறகு எண்ணெய் பூசிய தாமிரம். நான் ஓரடி நகர்ந்தால் எல்லாம் இடம் மாறியது. வழிசல் என்று நான் சுட்டிய இடத்தில் நெடுங்கோடு ஒன்று, தண்ணீர்போல் நின்றிருந்தது.

இது ஏமாற்று. ஒரே டப்பாவிலிருந்து வந்த கறுப்பு எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். இதுவே என் நிலைப்பாடு. பார்ப்பவன் நகரும்போது தானும் மாறும் பூச்சு, நேர்மையற்ற பூச்சு.

கொக்கி மாட்டப்படவில்லை. மாட்டினேன்.

01.09.2024, ஞாயிற்றுக்கிழமை

மாலை. கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாக உள்ளது.

02.09.2024, திங்கட்கிழமை

மேற்படி.

03.09.2024, செவ்வாய்க்கிழமை

மேற்படி. காப்பி கொட்டகைக்கே வந்தது. நான் கேட்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

07.09.2024, சனிக்கிழமை

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டையில் உப்பு இல்லை. பூரணத்தில் வெல்லம் மிகை. கோயமுத்தூரிலிருந்து மகள் மேகலா வந்திருந்தாள். இலையில் உட்கார்ந்த பிறகே எனக்குச் செய்தி சொல்லப்பட்டது.

"அம்மா படத்தையெல்லாம் அடுத்த மாசம் எங்கூர்ல கண்காட்சி வெக்கறாங்கப்பா. ஏழு படம். அந்தப் பெரிய படத்துக்குன்னே ஒரு முழுச் சுவரு."

"யாரு வெக்கறாங்க?"

"இம்மானுவேல்னு ஒருத்தர். ஓவியக் கூடம் நடத்தறாரு. நான்தான் ஃபோட்டோ அனுப்பினேன்."

"ஃபோட்டோவுல கறுப்பு என்ன தெரிஞ்சுது அந்தாளுக்கு?"

"தெரியலேன்னாரு. அதான் நேர்ல வர்றாரு."

தெய்வானை என் இலையில் இன்னொரு கொழுக்கட்டை வைத்தாள். "வேண்டாம்" என்றேன். எடுத்து மகள் இலையில் வைத்துவிட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பாள்.

15.09.2024, ஞாயிற்றுக்கிழமை

இம்மானுவேல் வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றினார். அந்த மட்டில் குறை சொல்வதற்கில்லை. என்னைப் பார்த்து, "நீங்க மேடத்தோட வீட்டுக்காரருங்களா?" என்றார். இவ்வூரில் இதுவரை எவரும் என்னை அவ்விதம் அடையாளம் கண்டதில்லை. அவளைத்தான் 'பெயிண்ட் நாச்சிமுத்து சம்சாரம்' என்பார்கள்.

அவர்கள் கொட்டகையில் நிற்க, நான் சன்னலுக்கு இப்புறம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்ததை எழுதுகிறேன். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

"எங்கீங்க மேடம் கத்துக்கிட்டீங்க?"

"எங்கியும் இல்லீங்க. இவருக்கு பட்டறைக்குச் சோறு கொண்டு போவேன். அங்க பஸ்ஸுக்கு பட்டி போட்டு, மேல கறுப்பு அடிச்சு நிறுத்தியிருப்பாங்க. மேடு பள்ளம் தெரியறதுக்கு. இவரு ட்யூப் லைட்டக் கையில புடிச்சு, தகரத்த ஒட்டிச் சாய்ச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு நடந்து போவாரு பாருங்க... அந்த வெளிச்சம் கறுப்பு மேல அப்பிடியே ஊர்ந்து வரும். என்னமோ ஆத்துல நெலா வர்றாப்பல. நான் தூக்குப்போசியப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பேன். இவரு அந்த மேட்டுக்கெல்லாம் சாக்பீசுல வட்டம் போட்டுட்டுப் போயிருவாரு. தேய்க்கறவங்க வந்து தேய்ச்சிருவாங்க. எனக்கு வயிறெரியும்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, சோறு ஆறிப்போச்சும்பாரு."

இருவரும் சிரித்தார்கள். நான் குழாயை மூடினேன். செம்பருத்திப் பாத்தி நிரம்பி நடைபாதைவரை தண்ணீர் நின்றது.

பட்டறையில் நான் பார்த்தது குறை. அதே இடத்தில் நின்று, அதே வெளிச்சத்தில், என்னிடம் ஒரு சொல் கேட்காமல், இவள் வேறொன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் என்னிடம் மறைத்தும் இருக்கிறாள்.

19.09.2024, வியாழக்கிழமை

அழைப்பிதழ் வந்தது. 05.10.2024 சனிக்கிழமை மாலை திறப்பு. பெயர் 'தெய்வானை' என்று மட்டும் அச்சாகியுள்ளது. என் பெயர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாக்காளர் பட்டியலில்கூட அவள் பெயர் அப்படி இல்லை.

23.09.2024, திங்கட்கிழமை

ஓவியக் கூடத்தில் விளக்குகள் எப்படி அமைய வேண்டும் என்று பார்க்க அவள் கோயமுத்தூர் சென்றுவிட்டாள். வியாழனன்று திரும்புவாள். குளிர்பெட்டியில் சாம்பாரும் இரசமும் உள்ளன. புறப்படும்போது, "கொட்டகைய நீங்க ஒண்ணும் பூட்ட வேண்டாமுங்க. காத்தாடட்டும்" என்றாள்.

கொக்கி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

24.09.2024, செவ்வாய்க்கிழமை

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

காலையில் பெரிய பலகையின் அடிப்பகுதியில் ஒரு வழிசலைக் கண்டேன். முன்பே சுட்டிக்காட்டியதுதான். நூறு பேர் வந்து பார்க்கும் இடத்தில் இது நின்றால், நாச்சிமுத்து வீட்டு வேலை இப்படி என்றுதானே பேசுவார்கள்? அதை மட்டும் சரிசெய்துவிடுவது உதவி என்று கருதினேன். அவள் கேட்கமாட்டாள், கேட்காமல் செய்வதுதான் உதவி.

பலகையைச் சுற்றிய மரச்சட்டத்தில் கீறல் விழாதிருக்க, நான்கு ஓரமும் ஒட்டுநாடாவும் செய்தித்தாளும் ஒட்டினேன். மரக்கட்டையில் முரட்டு உப்புத்தாளைச் சுற்றி, வழிசலை மட்டும் தேய்த்தேன்.

வழிசல் போயிற்று. ஆனால் அவ்விடம் உள்ளங்கையளவு மங்கித் தனித்துத் தெரிந்தது. வேலை அறிந்தவர் எவரும் இதை அறிவர்: ஓரிடத்தைத் தொட்டால் பக்கத்தைத் தொட வேண்டும், பக்கத்தைத் தொட்டால் முழுப் பரப்பையும் தொட வேண்டும். பாதியில் நிறுத்துவது குறையைவிடப் பெரிய குறை. ஆகவே பக்கத்தைத் தேய்த்தேன். அதன் பக்கத்தைத் தேய்த்தேன். மதியம் உணவு உண்ணவில்லை. மாலைக்குள் வரப்புகள் அனைத்தும் தரையில் கறுப்பு மாவாகக் கிடந்தன. இரண்டு முறை கூட்டி அள்ளினேன்.

வெயில் வந்த வேளையில் கதவைச் சாத்திவிட்டேன். தூசி பறக்கும் என்பதால்.

25.09.2024, புதன்கிழமை

பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் விட்டு மட்டம் செய்தேன். பழைய ஸ்ப்ரே கன்னைக் கழுவிச் சேர்த்து, கறுப்பு எனாமல் மூன்று கோட் அடித்தேன். ஒட்டுநாடாவை உரித்தேன். ட்யூப் லைட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். சாக்பீஸ் வட்டம் போடுவதற்கு ஓரிடமும் இல்லை.

என் கைகள் நடுங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எழுபத்தாறு வயதில் இப்படியொரு வேலையை இம்மாவட்டத்தில் வேறெவரும் செய்துவிட முடியாது.

26.09.2024, வியாழக்கிழமை

மதியம் வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாள். நான் கூடத்தில் இருந்தேன். நெடுநேரம் கழித்து நானே சென்றேன்.

அரிசிச் சாக்கின்மீது உட்கார்ந்திருந்தாள். பலகையைத் தொடவில்லை. "ஒரே ஒரு வழிசல்தான்..." என்று தொடங்கினேன். கையை மட்டும் உயர்த்தினாள். பேச வேண்டாம் என்று பொருள். பட்டறையில் நான் அப்படிக் கையை உயர்த்துவேன்.

வெயில் வரும்வரை அப்படியே இருந்தாள். வந்தது. பலகைமீது சாய்ந்தது. கண்ணாடியில் விழுந்ததுபோல் வழுக்கி எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. பலகையில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். நான் நின்றபடி, அவள் உட்கார்ந்தபடி.

அவள் எழுந்து புடவையைத் தட்டினாள்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஒரு குறையுமில்லீங்க."

என் வேலையைப் பற்றி அவள் வாயால் இப்படிக் கேட்பது இதுவே முதல்முறை. தேதியுடன் பதிவு செய்துகொள்கிறேன்.

27.09.2024, வெள்ளிக்கிழமை

பேசவில்லை. நானும் பேசவில்லை. நாள்காட்டியை நான் கிழித்தேன்.

28.09.2024, சனிக்கிழமை

வேன் வந்தது. சிறிய பலகைகள் ஆறும் ஏறின. இம்மானுவேல் தொலைபேசியில் கெஞ்சியது எனக்கே கேட்டது. "மேடம், அந்தச் சுவரு உங்க பெரிய படத்துக்குன்னே விட்டதுங்க. அது இல்லாட்டி மத்த ஆறும் நிக்காதுங்க."

"அது என்ர படமில்லீங்க தம்பி. அவரு படம்."

பிறகு வேன்காரர்களிடம், பெரிய பலகையைக் கூடத்திற்குள் கொண்டுவரச் சொன்னாள். என் சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே, மேற்குச் சன்னலை ஒட்டிய சுவரில் மாட்டச் செய்தாள். அங்கிருந்த என் பணி ஓய்வுப் பாராட்டுச் சட்டத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

"இது எதுக்கு இங்க?"

"உங்க கைவேலைதானுங்க. இருந்து பாருங்க."

03.10.2024, வியாழக்கிழமை

கோயமுத்தூர் சென்றுவிட்டாள். எப்போது திரும்புவாள் என்று கூறவில்லை. குளிர்பெட்டியில் எதுவும் இல்லை.

05.10.2024, சனிக்கிழமை

இன்று திறப்பு. எனக்கு எவரும் வாகனம் ஏற்பாடு செய்யவில்லை, செய்திருந்தாலும் சென்றிருக்கமாட்டேன். மேகலா அழைத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? அந்தச் சுவத்துல ஒண்ணுமே மாட்டலே. லைட்ட மட்டும் சாய்ச்சுப் போடச் சொல்லிட்டாங்க அம்மா. வர்றவங்கெல்லாம் வெறுஞ்சுவத்தப் பாத்துட்டுப் போறாங்க."

"கரண்ட்டு வீண்."

"அவ்வளவுதானா?"

"குறை சொல்ற மாதிரி அந்தப் பலகையில ஒரு எடம் இருந்தாச் சொல்லு. நான் ஒத்துக்கறேன்."

"அம்மா சரியாத்தான் சொன்னாங்க" என்று சொல்லி மேகலா இணைப்பைத் துண்டித்தாள். தாய் என்ன சொன்னாள் என்று கூறவில்லை.

மாலை வெயில் கூடத்திற்குள் வந்தது. சுண்ணாம்புச் சுவரில் கொத்தனாரின் கரணைத் தடங்கள் எழுந்து நின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்ததில்லை. நாள்காட்டி மாட்டிய ஆணிகூட ஒரு முழம் நீளத்திற்கு நிழல் விட்டது. பலகையில் எதுவும் நடக்கவில்லை. நாற்காலியும் அதில் ஒரு கிழவனும் தெரிந்தார்கள்.

06.10.2024, ஞாயிற்றுக்கிழமை

எதுவும் நடக்கவில்லை.

07.10.2024, திங்கட்கிழமை

நாற்காலியை இடப்புறம் நகர்த்திப் பார்த்தேன். வலப்புறமும். ட்யூப் லைட்டைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்தேன். பூச்சில் குறையில்லை.

ஆயினும் ஒன்றைக் கண்டேன். இடது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை அகலம். நான் ஒட்டிய நாடா சட்டத்தைத் தாண்டிப் பலகைமீதும் ஏறியிருந்திருக்கிறது. அதன் அடியில் உப்புத்தாளும் படவில்லை, எனாமலும் படவில்லை. அங்கே வரப்புகளின் நுனிகள் அப்படியே உள்ளன. வெயில் வந்ததும் அந்த ஒரு விரற்கடை மட்டும் மேலிருந்து எரியத் தொடங்கியது. சாம்பல், வெள்ளி, தாமிரம். முழுதும் அணையும்வரை நாற்காலி அதன் அருகிலேயே இருந்தது.

நாடா ஒட்டுவதில் இப்படிப்பட்ட பிழை என் பணிக்காலத்தில் நேர்ந்ததே இல்லை.

10.10.2024, வியாழக்கிழமை

தெய்வானை திரும்பினாள். நாற்காலி இடம் மாறியிருப்பதைப் பார்த்தாள். அது இருக்கும் இடத்திலிருந்து பலகையின் இடது ஓரம்வரை அவள் கண் சென்றது. தண்ணீர் குடித்தாள். நாளைக்குப் பொரி வாங்க வேண்டும் என்றாள்.

11.10.2024, வெள்ளிக்கிழமை

ஆயுத பூஜை. வீட்டைக் கழுவினாள். மனைப் பலகையில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்ப்ரே கன், பட்டித் தகடுகள் எல்லாம் வைத்தாள். அவற்றின் நடுவே, உப்புத்தாள் சுற்றிய என் தேய்ப்புக் கட்டை. கொட்டகையின் மூலையில் நான் போட்டிருந்தது. அதன் இடுக்கில் இன்னமும் கறுப்பு மாவு அப்பியிருந்தது. அதற்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், மற்ற எதற்கும் இல்லாதபடி ஒரு செம்பருத்தியும் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"வேல செஞ்ச ஆயுதமுங்களே."

கற்பூரத்தை அதற்கும் காட்டினாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், வழக்கம் என்பதால்.

12.10.2024, சனிக்கிழமை

விஜயதசமி. பூஜையில் வைத்ததை இன்று எடுத்து, ஒரு சிறு வேலையாவது தொடங்க வேண்டும் என்பது முறை. பட்டறையில் நான் தவறாமல் கடைப்பிடித்த முறை.

மாலை வரை அவள் எதையும் எடுக்கவில்லை. வெயில் கூடத்திற்குள் வந்த வேளையில், தேய்ப்புக் கட்டையை எடுத்துச் செம்பருத்தியை நீக்கி, என்னிடம் நீட்டினாள்.

"கைய வையுங்க."

"எதுல?"

"அந்த எடது ஓரத்துல ஒரு வெரக்கட விட்டுப்போச்சு பாருங்க. அரகுறையா விட்டு வெக்கறது உங்களுக்கு ஆகாதே."

கட்டையை வாங்கினேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. எழுந்து பலகையருகே சென்றேன். அந்த ஓரத்தில் அப்போதுதான் வெளிச்சம் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் எனக்குப் பின்னால் நின்றாள். பட்டறை வாயிலில் தூக்குப்போசியுடன் நிற்பாளே, அந்தத் தூரத்தில். என் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பழக்கம்.

"தேய்யுங்க. நல்ல நேரந்தான். நான் தேதிய கிழிச்சுப் பாத்துட்டேன்."

"காத்துல ஈரம் இருக்குது" என்றேன். "ஈரக்காத்துல தேய்ச்சா தாள் அடைச்சுக்கும்."

"அப்பிடீங்களா?"

"ஆமா."

"செரி. காயட்டும்."

அவள் சமையலறைக்குப் போனாள். கட்டை என் கையிலேயே இருந்தது. ஈரக்காற்றில் உப்புத்தாள் பயன்படுத்தலாகாது என்பது தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி.

13.10.2024, ஞாயிற்றுக்கிழமை

வானம் முற்றிலும் தெளிவு. துவைத்த துணிகள் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. இருப்பினும், மாலையில், கூடத்தின் இடது பக்கம் மட்டும் காற்றில் சற்றே ஈரம் உள்ளது.